மாத்திரை முன்னே, பால் பின்னே: நடுக்குவாத நோயாளியின் ஆகாரத்தைக் குறித்து



கை நடுக்கத்தோடும், தளர்ந்த நடையோடும், உணர்ச்சி காட்டாத முகத்தோடும் வருகிற ஒரு முதியவருக்கு, "இது பார்க்கின்சன் வியாதி" என்று வைத்தியர் சொன்னவுடன், கூட வந்திருக்கிற மனைவியோ மகளோ கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் மாத்திரையைப் பற்றியதல்ல. "சாப்பாட்டுக்கு என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?" என்பதுதான். நம் வீடுகளில் எந்த வியாதியானாலும் கவனிப்பு அடுப்படியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆகவே இது இயல்பான கேள்வியே. ஆனால் நடுக்குவாதம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் இந்த வியாதியில், என்ன கொடுக்கிறோம் என்பதைக் காட்டிலும் எப்போது கொடுக்கிறோம் என்பது முக்கியம். சர்க்கரை வியாதியென்றால் இனிப்பைக் குறையுங்கள், இரத்தக் கொதிப்பென்றால் உப்பைக் குறையுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இங்கே அப்படியல்ல. நல்ல ஆகாரமே தப்பான வேளையில் வந்தால் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். தங்கள் சபையிலோ, தெருவிலோ, ஒருவேளை தங்கள் வீட்டிலோ இவ்வியாதியுள்ள ஒருவர் இருக்கக்கூடும் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

1817-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து வைத்தியராகிய ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் ஆறு பேருடைய நிலையை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களில் சிலரை அவர் தெருவில் நடந்து போகையில் பார்த்ததோடு சரி. அப்படியிருந்தும் அவருடைய கண்ணுக்கு ஏராளமானவை தப்பவில்லை. நடுக்கத்தையும் நடையையும் மட்டுமல்ல, வாயில் போட்ட ஆகாரம் உள்ளே இறங்கத் தாமதிப்பதையும், எச்சில் ஒழுகுவதையும், மலம் கழிவது வரவரக் கடினமாவதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இது கையின் வியாதி மட்டுமல்ல, தொண்டையின் வியாதியும் குடலின் வியாதியும்கூட என்பது 200 வருடங்களுக்கு முன்பே தெரிந்த விஷயம்தான்.

மூளையின் நடுப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு இடத்திலுள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. சரீரம் நாம் நினைத்தபடி தடையில்லாமல் அசைவதற்கு இது வேண்டும். பார்க்கின்சன் வியாதியில் இந்த அணுக்கள் வருடக்கணக்கில் மெதுவாக அழிந்துபோகின்றன. சரி, டோபமினையே மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்றால், அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதற்கு முந்திய நிலையிலுள்ள லெவோடோபா நுழையும். உள்ளே போனபின் டோபமினாக மாறும். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற வைத்தியர் இதைச் சிறிது சிறிதாக அளவு கூட்டிக் கொடுத்து, எழுந்து நடக்க முடியாதிருந்தவர்களை நடக்கச் செய்தார். வழியிலேயே அது வீணாகிப் போகாதபடி கார்பிடோபா என்ற துணை மருந்தையும் சேர்த்துத்தான் இன்று மாத்திரை செய்கிறார்கள். இத்தனை வருடங்களுக்குப் பின்னும் இதைக் காட்டிலும் நன்றாக வேலை செய்யும் மாத்திரை வரவில்லை.

இந்த லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பால், முட்டை, மீன், இறைச்சி, பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதமும் ஜீரணமாகி அமினோ அமிலங்களாகவே மாறுகிறது. ஆற்றைக் கடக்க ஒரே ஒரு பரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையிலிருந்து வந்த லெவோடோபாவும் அதில்தான் ஏற வேண்டும். முட்டையிலிருந்தும் பாலிலிருந்தும் வந்த கூட்டமும் அதில்தான் ஏற வேண்டும். கூட்டம் பெரிதானால் லெவோடோபா கரையிலேயே நின்றுவிடும். இந்தத் துறை ஒன்றல்ல, இரண்டு. சிறுகுடலிலிருந்து இரத்தத்துக்குள் போகும் இடம் ஒன்று, இரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் இடம் மற்றொன்று. கோட்சியாஸும் அவருடைய சகாவான மேனாவும் 1975-லேயே, புரதம் மிகுந்த ஆகாரம் லெவோடோபாவின் பலனைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். ஆனாலும் இந்தச் செய்தி நம் ஊர் அடுப்படிகளுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

எங்கள் வார்டுக்கு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைப் பற்றிச் சொன்னால் இது எளிதாக விளங்கும். வியாதி கண்டு ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. காலை மாத்திரை சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதேயில்லை, பத்து மணிக்கு நாற்காலியில் உறைந்துபோய் உட்கார்ந்துவிடுகிறார், மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். அளவைக் கூட்டுமுன் எங்கள் சிஸ்டர் ஒரு நோட்டுப்புத்தகத்தைக் கொடுத்து, மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்த மணி, சாப்பிட்ட மணி, சாப்பிட்டது என்ன, ஐயா நன்றாக நடமாடியது எந்த நேரம் என்று எழுதச் சொன்னார்கள்.

"காலை மாத்திரையை எதோட கொடுக்கிறீங்கம்மா?"

"பாலோடதான் சிஸ்டர். வெறும் வயித்துல மாத்திரை போட்டா புண்ணாயிரும்னு சொல்வாங்கல்ல? பெலனுக்கு ஒரு அவிச்ச முட்டையும் குடுப்பேன். சில நாள் முட்டை வேண்டாம்பாங்க."

நோட்டைப் பார்த்தபோது, ஐயா முட்டை வேண்டாமென்ற நாட்களில்தான் நன்றாக நடந்திருந்தார். மாத்திரையின் அளவு கூட்டப்படவில்லை. மாத்திரை காலை ஆறரைக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு என்றும், பாலும் முட்டையும் இரவுக்கு என்றும் மாற்றினோம். அதன்பின் காலைவேளை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. வியாதி குணமாகிவிடவில்லை, அது குணமாகிற வியாதியுமல்ல. ஆனால் பத்து மணிக்குச் செய்தித்தாளைத் தாமே பிரித்துப் படிக்க முடிவது ஒரு மனிதருக்குச் சிறிய காரியமல்ல.

பொதுவான முறை இதுதான். லெவோடோபா மாத்திரையை ஆகாரத்துக்கு அரைமணி நேரம் முன்பாவது, அல்லது ஆகாரம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்தாவது, தண்ணீரோடு விழுங்க வேண்டும். பாலோடு வேண்டாம், சத்துமாவுக் கஞ்சியோடும் வேண்டாம். புதிதாக மாத்திரை ஆரம்பித்தவர்களுக்கு வெறும் வயிற்றில் குமட்டல் வரலாம். அவர்கள் இரண்டு பிஸ்கட்டோ, அரை வாழைப்பழமோ சேர்த்துக்கொள்ளலாம், அதில் புரதம் மிகக் கொஞ்சம். குமட்டல் என்று சொல்லி மருந்துக்கடையில் தாமாக மாத்திரை வாங்குவதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். வாந்திக்கு வழக்கமாகக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடு டோபமினின் வேலையையே தடுப்பதால், இவ்வியாதியை மோசமாக்கும். எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் காரணத்துக்காகப் போனாலும், "இவருக்கு பார்க்கின்சன் உண்டு" என்று முதலில் சொல்லிவிடுவது நல்லது. இரத்த சோகைக்காக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதற்கும் லெவோடோபாவுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். இரும்பு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை இடித்துப் பொடியாக்கிக் கொடுக்கக் கூடாது.

இவ்வளவும் கேட்ட பிறகு சில குடும்பங்கள் செய்கிற காரியம்தான் எங்களுக்கு அதிக கவலை. புரதம் விரோதி என்று நினைத்து முட்டையையும் பாலையும் பருப்பையும் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் ஐயாவின் சட்டை தோளிலிருந்து தொங்க ஆரம்பிக்கிறது. ஏற்கெனவே இவ்வியாதியில் எடை குறையும். வாசனை தெரியாமல் போவதால் பசி இல்லை. நடுக்கமும் தன்னையறியாத அசைவுகளும் சரீரத்தின் சக்தியைத் தின்கின்றன. சாப்பிட ஒரு மணி நேரம் ஆவதால் ஆகாரம் ஆறிப்போய், பாதியில் "போதும்" என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். இதோடு புரதத்தையும் நிறுத்தினால் தசை கரையும். தசை கரைந்தால் விழுவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். மாத்திரை வேலை செய்யாத ஒரு காலைப்பொழுதைவிட அது எவ்வளவோ பெரிய நஷ்டம்.

ஒருவருடைய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு சுமார் 0.8 முதல் 1 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு கைப்பிடி பருப்பில் 7 கிராம் இருக்கும். மாத்திரையின் பலன் விட்டு விட்டு வருகிறவர்களுக்கு இந்த மொத்த அளவைக் குறைக்காமல், பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிவைக்கும் முறை உண்டு. 1987-ல் பிங்கஸ், பேரி என்ற இருவர் அமெரிக்காவில் இதைச் சோதித்து எழுதினார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டில் இது கடினமல்ல. காலையில் மாத்திரைக்குப் பின் இட்லியும் தேங்காய்ச் சட்னியும் அல்லது இடியாப்பம், நடுவில் பழம், மத்தியானம் சோறும் ரசமும் காய்கறியும் கீரையும், பருப்பு கொஞ்சமாக, சாயங்காலம் சுண்டலுக்குப் பதிலாக வேகவைத்த வள்ளிக்கிழங்கு. இரவில் மீனோ, முட்டையோ, கெட்டிப் பருப்போ, படுக்குமுன் பாலோ. எடை குறையாமலிருக்கப் பகல் சாப்பாட்டில் நெய்யும் நல்லெண்ணெயும் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் மாத்திரை வேளையையொட்டி எண்ணெய்ப் பலகாரங்கள் வேண்டாம், வயிறு காலியாகத் தாமதமாகும். பகலில் புரதம் குறையும்போது மருந்து அதிகமாகவே உள்ளே போய், கை கால் தன்னால் நெளியவும்கூடும். அப்போது வைத்தியர் மாத்திரையைக் குறைப்பார். ஆகவே இதை வைத்தியரிடம் சொல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். வியாதி ஆரம்ப நிலையிலிருந்து, மாத்திரை நாள் முழுவதும் சீராக வேலை செய்கிறவர்களுக்கு இப்படி ஆகாரத்தைப் பிரிக்கவே தேவையில்லை. அவர்கள் எல்லாரையும்போல் சாப்பிடலாம்.

மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். வைட்டமின் பி12-ஐயும் அவ்வப்போது இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வது நல்லது. நெடுங்காலம் லெவோடோபா எடுப்பவர்களுக்கு அது குறைவாகக் காணப்படுகிறது. மாமிசம் உண்ணாதவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

மலச்சிக்கலைப் பற்றிப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஆனால் பலருக்கு நடுக்கம் தோன்றுவதற்குப் பல வருடங்களுக்கு முன்னமே இது தோன்றிவிடுகிறது. 2003-ல் ஜெர்மனியின் பிராக் என்ற விஞ்ஞானி, வியாதியே குடலில் ஆரம்பித்து நரம்பின் வழியாக மூளைக்கு ஏறுகிறதோ என்ற கருத்தை முன்வைத்தார். அதைப் பற்றிய ஆராய்ச்சி தொடர்கிறது. வீட்டாருக்கு வேண்டியது இவ்வளவே: குடலும் வயிறும் மந்தமானால் மாத்திரையும் சிறுகுடலுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். தண்ணீர், கீரை, வாழைத்தண்டு, கொய்யா, பப்பாளி, இரவில் ஊறவைத்த உலர் திராட்சை இவையெல்லாம் உதவும். அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற முதியவர்களுக்குத் தண்ணீரைக் காலையிலும் பகலிலும் அதிகமாகக் கொடுத்து, மாலையில் குறைக்கலாம்.

தொண்டையைக் கவனியுங்கள்

இவ்வியாதியஸ்தர்களின் மரணத்துக்கு முக்கிய காரணங்களில் ஒன்று நிமோனியா. ஆகாரமோ, தண்ணீரோ, எச்சிலோ உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதால் அது வருகிறது. சாதாரணமாக நமக்குப் புரையேறினால் இருமுவோம். இவர்களுக்கு அந்த இருமல்கூட வராமல் போகலாம். சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் குடித்தபின் குரல் ஈரமாக, கொளகொளவென்று கேட்பது, சாப்பாட்டு வேளையில் அடிக்கடி தொண்டையைக் கனைப்பது, காரணமில்லாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவது இவை எச்சரிக்கைகள். விழுங்குதலைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற பேச்சு சிகிச்சையாளர் உள்ள ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

விழுங்குவதற்கு மிகவும் கடினமானது கெட்டி ஆகாரம் என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணீரும் காப்பியும்தான் தொண்டையைத் தாண்டி வேகமாக ஓடி ஏமாற்றுபவை. அதைவிடச் சிரமம், நீரும் பருக்கையும் பிரிந்து நிற்கிற ஆகாரம். வியாதிக்காரருக்கு உகந்தது என்று நாம் கொடுக்கிற தெளிவான கஞ்சியும், ரசம் தளரத் தளர ஊற்றின சோறும் இந்த வகையே. வாயில் பருக்கையை மெல்லும்போதே நீர் முந்திக்கொண்டு இறங்கிவிடும். குழைய வேகவைத்து மசித்த பருப்புச் சோறு, நன்றாகக் கிண்டிய கேழ்வரகுக் கூழ், மோருக்குப் பதில் தயிர், மசித்த பழம் இவை ஒன்றாகத் திரண்டு இறங்கும். பொரி, மிக்சர், முறுக்கு, உதிர்ந்த புட்டு வேண்டாம். தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டுமா, எவ்வளவு கெட்டி என்பதைச் சிகிச்சையாளர் சொல்லட்டும். கெட்டியானதை அவர்கள் குறைவாகவே குடிப்பார்கள், உடம்பில் நீர் வற்றிப்போகும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக, ஒரு வாய் இறங்கினபின் மறு வாய். பலருக்கு முகவாயை நெஞ்சை நோக்கிச் சற்றுத் தாழ்த்தி விழுங்குவது நல்லது. அண்ணாந்து குடிப்பது கூடவே கூடாது. உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக் குடிக்கும் நம் வழக்கத்தை இவர்கள் விட்டுவிட வேண்டியதுதான். சாப்பிடும்போது டெலிவிஷனை அணைத்துவிடுங்கள், கேள்வி கேட்டுப் பேசவைக்காதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றவும் செய்யும். ஒவ்வொரு ஆகாரத்துக்குப் பின்னும் வாயைச் சுத்தம் செய்வதும் முக்கியம், ஏனெனில் வாயிலுள்ள கிருமிகளே எச்சிலோடு நுரையீரலுக்குப் போகின்றன. மாத்திரை முன்னே, ஆகாரம் பின்னே என்பதில் இங்கே இன்னொரு பயனும் உண்டு: மாத்திரை வேலை செய்யத் தொடங்கின நேரத்தில் தொண்டைத் தசைகளும் நன்றாக அசைவதால், அந்த நேரத்து ஆகாரமே பத்திரமாக இறங்கும்.

பூனைக்காலி விதையைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். அது பொய்யல்ல. அந்த விதையில் லெவோடோபா உண்டு. 1937-ல் சென்னையிலேயே தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் 1913-ல் ஐரோப்பாவில் குகன்ஹைம் என்பவர் ஒருவகைப் பெரிய அவரையிலிருந்து இதே பொருளைப் பிரித்து, இரண்டரை கிராமைத் தாமே விழுங்கிப் பார்த்து, கடுமையாக வாந்தியெடுத்தார். பிரச்சினை அதுதான். விதையில் மருந்து இருக்கிறது, ஆனால் கரண்டிக்குக் கரண்டி எவ்வளவு என்பது தெரியாது. மாத்திரையோடு பொடியையும் சேர்த்தால் அளவு மீறிப்போகும். இந்த வியாதியை நிறுத்துகிற பொடியோ, எண்ணெயோ, விசேஷ ஆகாரமோ இதுவரை நிரூபிக்கப்படவில்லை என்பதால், அப்படிப்பட்ட விளம்பரங்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்லுகிறோம்.

சபையார் கவனத்துக்கு

லெந்து நாட்களிலும் பெரிய வெள்ளியன்றும் உபவாசம் இருக்க விரும்புகிற முதியவர்கள் சிலர் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் சரீர விறைப்பும் மயக்கமும் வந்து உயிருக்கே மோசமாகலாம். தண்ணீரோடு மாத்திரையை அதன் மணிக்கு எடுத்தே ஆக வேண்டும். ஆகாரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதை வைத்தியரிடமும் போதகர் ஐயாவிடமும் கலந்து பேசிக்கொள்ளட்டும்.

திருவிருந்தில், உலர்ந்த அப்பத் துண்டு இவர்களுடைய மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். சிறு கிண்ணத்தில் கொடுக்கும் இரசத்தை அண்ணாந்தால்தான் குடிக்க முடியும்; அண்ணாந்தால் புரையேறும். முழங்காற்படியிட்டு எழுவதும் சிரமம். இதற்காகவே ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்கள், காரணத்தை வெளியே சொல்வதில்லை. அப்பத்தை இரசத்தில் தோய்த்து, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுக்க முடியுமா என்று போதகர் ஐயாவிடம் குடும்பத்தார் கேட்டுப் பார்க்கலாம்.

கலியாண வீடுகளிலும் அறுப்பின் பண்டிகையிலும் பந்தி இரண்டு மணிக்கும் ஆரம்பிக்கலாம், மூன்று மணிக்கும் ஆரம்பிக்கலாம். அதற்குள் மாத்திரையின் வேளை கடந்து, கை நடுங்க, எல்லாரும் பார்க்க இலையில் சோறு சிந்த வேண்டியிருக்கும் என்பதால் பலர் வருவதேயில்லை. பரிமாறுகிறவர்களிடம் முன்னமே சொல்லி வைத்தால், அவருடைய மாத்திரைக்கு அரைமணி கழித்து, ஒரு பக்கமாக மேசை போட்டு, விளிம்பு உயர்ந்த ஒரு தட்டும் பெரிய கரண்டியும் வைத்து, அவருக்கு மட்டும் முன்னதாகப் பரிமாறிவிடலாம். பிரியாணியில் கறித்துண்டைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். அதை ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தால் இரவில் வீட்டில் சாப்பிட்டுக்கொள்வார்.